மிருகம் ரோடு தாண்ட பாலம்: யார் காசு, எந்தக் கணக்குல?

கேட்ட கேள்வியைச் சுருக்கமா சொல்லிடறேன். ஹைவேக்கு மேலயும் கீழயும் யானை, புலி, மான் தாண்டறதுக்குன்னு கோடிக்கணக்குல அரசு பணத்தைப் போட்டுக் கட்டறாங்களே, மனுஷன் தாண்டவே பாதி ஊர்ல வழி இல்லாதப்போ இது தேவையா, மிருகங்க அதை நிஜமாவே யூஸ் பண்ணுதா, இந்தக் காசு எங்கேர்ந்து வருது, நம்ம ஏரியாவுக்கு வேணும்னா யாரைப் போய்க் கேக்கறது.

நான் கொஞ்ச வருஷம் ரோடு ப்ராஜெக்ட்ல டிபிஆர், அதாவது விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கற பக்கம் இருந்தவன், அதனால காசு பக்கத்துலேர்ந்துதான் எனக்கு இது அதிகம் தெரியும். ஆனா யூஸ் பண்ணுதாங்கறதை முதல்ல முடிச்சிடலாம், ஏன்னா அதுல பெருசா சந்தேகத்துக்கு இடமே இல்ல.

நாக்பூர்லேர்ந்து வடக்கே சிவனி போற ரோடு என்.எச். 44. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு நம்ம கன்னியாகுமரில முடியுதே, அதே ரோடுதான், அந்தப் பக்கத்துல பழைய நம்பர் ஏழு. இது மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் ரெண்டு பக்கமும் பென்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகுது, பென்ச்சுக்கும் கன்ஹாவுக்கும் நடுவுல புலி போய்வர்ற காட்டை அப்படியே குறுக்க வெட்டுது. இதை நாலு வழி ஆக்கணும்னதும் சண்டை ஆரம்பிச்சுது. டேராடூன்ல இருக்கற இந்திய வனவிலங்கு நிறுவனம் நீளநீளமா பாலம் வேணும்னு சொன்னாங்க, தேசிய நெடுஞ்சாலை ஆணையமான என்.எச்.ஏ.ஐ. இவ்ளோ செலவு தாங்காதுன்னாங்க, ரோடு பாட்டுக்கு வருஷக்கணக்கா குண்டும் குழியுமா கிடந்துச்சு, விஷயம் பாம்பே ஹைகோர்ட்டோட நாக்பூர் பெஞ்ச் வரைக்கும் போய் கடைசில நீளத்தைக் குறைச்சு ஒரு சமரசத்துக்கு வந்தாங்க. மகாராஷ்டிரா பக்கம் மன்சர்லேர்ந்து கவாசா வரைக்கும் 9 இடத்துல கட்டினாங்க, சின்னது 50 மீட்டர், பெருசு 750 மீட்டர். மத்தியப் பிரதேசம் பக்கம் 29 கிலோமீட்டர்ல 14 அண்டர்பாஸ், கூடவே சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் காட்டுக்குள்ள போகாம ரெண்டு ஓரமும் தடுப்பு. அந்த 29 கிலோமீட்டருக்கு மொத்தச் செலவு சுமார் 960 கோடி. இது நாலு வழி ரோடையும் சேர்த்து, வெறும் மிருகத்துக்கான செலவு இல்ல. பேப்பர்ல தலைப்பைப் பாத்தா புலிக்கு 960 கோடின்னு நினைச்சுக்குவாங்க.

அண்டர்பாஸ்னதும் ரயில்வே ஸ்டேஷன் சப்வே மாதிரி இருட்டா ஒரு பொந்தை நினைச்சுக்காதீங்க. தூண் மேல ரோடு போகுது, கீழ காட்டுத் தரை அப்படியே இருக்கு, அதே மண்ணு, அதே புல்லு, ஓடை இருந்தா ஓடையும். மிருகத்தைப் பொறுத்தவரை அது காட்டுல நடக்குது, தலைக்கு மேல ஏதோ போகுது, அவ்ளோதான். 2019 மார்ச்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மகாராஷ்டிரா பக்கத்துப் பாலங்களுக்குக் கீழ கேமரா வெச்சுப் பாத்தாங்க. 18 வகைக் காட்டு விலங்கு பதிவாச்சு, புலி மட்டும் 89 தடவை, அதுவும் ஒரே புலி திரும்பத் திரும்ப இல்ல, வரியை வெச்சு அடையாளம் பாத்ததுல 11 தனித்தனிப் புலி. கட்டி முடிச்ச கொஞ்ச நாள்லயே இப்படி.

கனடால பான்ஃப் நேஷனல் பார்க் இன்னும் பழைய கதை. டிரான்ஸ் கனடா ஹைவேல 80கள்லேர்ந்தே வேலி போட ஆரம்பிச்சு இன்னிக்கு 6 மேம்பாலம், 38 அண்டர்பாஸ் இருக்கு. மிருகம் மோதற விபத்து 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது, மான் இனத்தை மட்டும் எடுத்தா 96 சதவீதம். அங்க கவனிச்ச ஒரு விஷயம் முக்கியம், கிரிஸ்லி கரடி பழகறதுக்கே அஞ்சு வருஷம் போல எடுத்துக்கிச்சு. ரெண்டு வருஷத்துல ரிப்போர்ட் எழுதி மூடியிருந்தா கரடி வரலை, காசு வேஸ்ட்டுன்னுதான் எழுதியிருப்பாங்க.

இப்போ காசு. இந்தியால மிருகம் ரோடு தாண்டறதுக்குன்னு தனி நிதி கிடையாது. எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல பாதிப் பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது. ரோடு விரிவாக்கமோ புது ரோடோ வருது, அது காப்பகம் வழியாவோ, மிருகங்க ஒரு காட்டுலேர்ந்து இன்னொரு காட்டுக்குப் போற காரிடார் வழியாவோ போகுது, தேசிய வனவிலங்கு வாரியத்தோட நிலைக்குழு கிட்ட அனுமதிக்குப் போகுது, அவங்க இன்ன இன்ன இடத்துல இவ்ளோ நீளத்துக்குக் கட்டுன்னு நிபந்தனை போடறாங்க, அந்தச் செலவு ப்ராஜெக்ட் செலவுக்குள்ளயே ஏறிடுது. எஸ்டிமேட்ல மிருகப் பாலம்னு தனி அயிட்டமா நிக்காது, மைனர் பிரிட்ஜ் (சின்னப் பாலம்), வயடக்ட் (நீளமான தூண் பாலம்), பாக்ஸ் கல்வர்ட் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற கான்க்ரீட் பெட்டி)னு மத்த கான்க்ரீட் வேலையோட கலந்திருக்கும். பென்ச்லயே அந்த 9ல 4 கணக்குப்படி மைனர் பிரிட்ஜ்தான். இதுல ஒரு நல்லதும் இருக்கு, ப்ராஜெக்ட் ஓகே ஆச்சுன்னா காசு தானா வந்துடும், வனத்துறை பட்ஜெட்ல கையேந்த வேண்டாம். கெட்டதும் அதுலயே இருக்கு, செலவைக் குறைன்னு மேலேர்ந்து சொன்னா முதல்ல கத்தி விழற இடம் அந்த ஸ்பான் நீளம்தான், அதாவது மிருகம் போக அடியில விடற திறப்பு, ஏன்னா 300 மீட்டரை 100 ஆக்கினா வண்டி ஓட்டறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இன்னும் மோசம், மழைத்தண்ணி போக எப்படியும் போட வேண்டிய கல்வர்ட்டையே கொஞ்சம் பெருசாக்கி வனவிலங்குப் பாதைன்னு பேர் எழுதிடறது. அதுக்குள்ள முள்ளம்பன்றி போகும், கீரி போகும். யானை போகுமா?

இந்த ஏற்பாட்டுல முழுசா வெளிய விடுபடறது ஏற்கனவே போட்டு முடிச்ச ரோடு. விரிவாக்கம் இல்லைன்னா அனுமதி கேக்க வேண்டியதில்ல, அனுமதி இல்லைன்னா நிபந்தனை இல்ல, நிபந்தனை இல்லைன்னா காசு இல்ல. ஓசூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். வருஷாவருஷம் ராகி முத்தற நேரத்துல கர்நாடகா பக்கத்துலேர்ந்து யானைக் கூட்டம் வரும், பேரண்டப்பள்ளி கிட்ட ஹைவேயைத் தாண்டி சானமாவு காட்டுக்குப் போகும். அது எந்த ஹைவே? அதே என்.எச். 44. பென்ச்ல புலி போக 750 மீட்டர் பாலம் போட்ட அதே ரோட்டுல இங்க ஃபாரஸ்ட்காரங்க டார்ச் லைட்டோட நின்னு லாரியை நிறுத்தி யானையைத் தாண்ட விடறாங்க. இந்தப் பக்கம் யானை குறைச்சலா என்ன. பென்ச்ல அனுமதி கேக்கறப்ப யாரோ விடாப்பிடியா நின்னாங்க, இங்க ரோடு போட்டு நாளாச்சு.

அமெரிக்கால இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரு முயற்சி பண்ணாங்க. 2021 நவம்பர்ல கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டத்துல மிருகப் பாதைக்குன்னே ஒரு முன்னோட்டத் திட்டம், 5 வருஷத்துக்கு 350 மில்லியன் டாலர். ஸ்டேட், கவுன்ட்டி, பழங்குடி அரசாங்கம் யார் வேணா அப்ளை பண்ணலாம், புது ரோடா இருக்கணும்னு இல்ல, நாப்பது அம்பது வருஷப் பழைய ரோடுக்கும் கேக்கலாம், பெரும்பாலும் 80 சதவீதம் மத்திய அரசு, மிச்சம் கேக்கறவங்க போடணும், மொத்தத்துல 60 சதவீதமாவது கிராமப்புறத்துக்குப் போகணும். 2023 டிசம்பர்ல முதல் சுத்து, சுமார் 110 மில்லியன், 17 ஸ்டேட்ல 19 ப்ராஜெக்ட். 2024 டிசம்பர்ல அடுத்த சுத்து, 125 மில்லியன், 16 ப்ராஜெக்ட். கேட்டவங்க தொகை இருந்ததைவிடப் பல மடங்கு. பெரிய தொகையாத் தோணும், ஆனா அதே சட்டத்துல ஹைவேக்கு மொத்தமா ஒதுக்கினது சுமார் 350 பில்லியன், அதாவது ஆயிரம் ரூபா ரோடுக்குன்னா ஒரு ரூபா மிருகத்துக்கு. அந்த ஒரு ரூபாவுக்கும் 2026 செப்டம்பரோட கெடு.

அங்க இதுக்கு ரெண்டு கட்சிலயும் ஓட்டு விழுந்ததுக்குக் காரணம் மிருகப் பாசம்னு நினைக்காதீங்க. மொன்டானா ஸ்டேட் யுனிவர்சிட்டில மார்செல் ஹைசர்னு ஒருத்தர் குழுவோட உக்காந்து, ஒரு மான் மேல கார் மோதினா சமூகத்துக்கு மொத்தமா என்ன செலவுன்னு கணக்குப் போட்டார். வண்டி ரிப்பேர், ஆஸ்பத்திரி, உயிர்ச்சேதம், செத்த மிருகத்தை எடுத்துப் போடற கூலி வரைக்கும் எல்லாம் சேர்த்து. சாதா மானுக்கு சுமார் 19,000 டாலர், எல்க்குங்கற பெரிய மானுக்கு 73,000, மூஸுக்கு 1,10,000. அந்த நாட்டுல வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல இந்த மாதிரி மோதல், அதுல சுமார் 200 மனுஷங்க சாகறாங்க. இப்போ எந்த ஸ்டேட் இன்ஜினியரும் குறிப்பிட்ட மைல்ல வருஷத்துக்கு எத்தனை மோதல்னு எடுத்து இந்தத் தொகையால பெருக்கிப் பாத்தா, பாலம் எத்தனை வருஷத்துல போட்ட காசை எடுத்துடும்னு தெரிஞ்சிடும். வயோமிங் மாதிரி அரசு செலவுன்னாலே முகம் சுளிக்கற ஸ்டேட் இதுல முன்னாடி நிக்கறதுக்கு இதான் காரணம்.

அந்த வயோமிங் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். பைன்டேல் பக்கத்துல டிராப்பர்ஸ் பாயின்ட்னு ஒரு இடம், ப்ராங்ஹார்ன்ங்கற மான் மாதிரி மிருகம் ஆயிரக்கணக்கான வருஷமா வலசை போற குறுகலான வழி. 2012ல சுமார் 10 மில்லியன் டாலர்ல 2 மேம்பாலமும் 6 அண்டர்பாஸும் கட்டி நடுவுல வேலி போட்டாங்க. ப்ராங்ஹார்ன் திறந்த வெளில கண்ணை நம்பி வாழற ஜீவன், ஓட்டத்துல அதைத் தாண்ட அந்தக் கண்டத்துலயே ஆள் இல்ல, ஆனா மேல கூரை இருந்தா உள்ள போக பயம். பத்துக்கு ஒம்பது தடவை மேம்பாலத்துல ஏறித்தான் போச்சு. அதே இடத்துல மியூல் மான் பெரும்பாலும் அடியில போச்சு. அண்டர்பாஸ்தான் செலவு கம்மின்னு எட்டையும் அடியிலயே போட்டிருந்தா ப்ராங்ஹார்ன் வேலிக்கு வெளியவே நின்னிருக்கும், காசும் வேஸ்ட், வலசையும் போச்சு. நம்ம ஊர்லயும் யானைக்கு உயரம் வேணும், மானுக்கு மறுபக்க வெளிச்சம் தெரியணும், சிறுத்தை எதுலயும் போயிடும். எந்த மிருகத்துக்குன்னு தெரியாம ஸ்டாண்டர்டு டிராயிங்கை எடுத்து வெச்சுக் கட்டறதுதான் உண்மையான வரிப்பண வேஸ்ட்.

கலிபோர்னியால அகோரா ஹில்ஸ்ல 10 லேன் ஹைவேக்கு மேல ஒண்ணு கட்டறாங்க, வாலிஸ் அன்னன்பர்க்ங்கற நன்கொடையாளர் பேர்ல. தினம் மூணு லட்சம் வண்டி போற ரோடு. தனியார் நன்கொடை பாதி, அரசுக் காசு பாதின்னு மாதிரி கலப்பு. 92 மில்லியன்னு ஆரம்பிச்சது 114 மில்லியன்ல நிக்குது, கிண்டல் பண்றவங்களுக்கு நல்ல தீனி. ஆனா அது நகரத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்ட பூமாங்கற காட்டுப்பூனை இனப் பெரிய மிருகங்க உறவுக்குள்ளயே இனம் பெருக்கி அழிஞ்சுடக் கூடாதுன்னு கட்டறது, விபத்துக் கணக்குல அதை நியாயப்படுத்த முடியாது. அதை வெச்சு எல்லாப் பாலமும் இவ்ளோ ஆகும்னு பேசறது தப்பு, வயோமிங்ல எட்டு கட்டினதே பத்து மில்லியன்லதான்.

நம்ம ஊர்ல அந்த மோதல் கணக்கைப் போடவே முடியலை. அங்க மானை இடிச்சவன் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடறான், பதிவாகுது. இங்க இடிச்சவன் ஃபாரஸ்ட் கேஸ் வந்துடும்னு நிக்காம போயிடறான், செத்தது நரி சாப்ட்டுப் போயிடுது. எங்கயாவது யானையோ சிறுத்தையோ அடிபட்டாதான் செய்தி. கணக்கு இல்லாததால ஃபைனான்ஸ்ல உக்காந்திருக்கறவர் கிட்ட நாம கொண்டுபோறது கோர்ட் ஆர்டர் மட்டும்தான், லாப நஷ்டம் இல்ல. எனக்கு இதுதான் பெரிய குறையாத் தெரியுது, காசு இல்லாததைவிட.

வேலியைப் பத்தி ஒரு வார்த்தை. பாலம் மட்டும் கட்டிட்டு ரெண்டு பக்கமும் வேலி போடலைன்னா மிருகம் தனக்குப் பழகின இடத்துலதான் ஏறும். அதே ஹைசர் ஆளுங்க பாத்ததுல 5 கிலோமீட்டருக்குக் குறைவான வேலிக்கு மோதல் சராசரியா பாதிதான் குறையுது, அதுவும் இடத்துக்கு இடம் ஏகப்பட்ட வித்தியாசம், 5 கிலோமீட்டர் தாண்டினாதான் 80 சதவீதத்துக்கு மேல. ஆனா வேலிக்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்ட மாட்டார். மரம் விழுந்து கம்பி அறுந்தா யார் கட்டறது? ரோடு கான்ட்ராக்ட்ல பராமரிப்புன்னா தார் ஒட்டுப் போடறது, மீடியன்ல அரளிக்குத் தண்ணி ஊத்தறது. பாலத்துக்குக் கீழ ஆடு மாடு கட்டறாங்க, நாய் படுத்திருக்கு, ராத்திரி லாரியை ஓரங்கட்டி சமையல் பண்றாங்க, இதைப் பாத்துக்க ஆளும் கிடையாது, இதுக்குன்னு பட்ஜெட்ல தனித் தலைப்பும் கிடையாது. பென்ச் கேமராலயே ஊர்க்காரங்களும் கால்நடையும் விழுந்துச்சு. கட்டற காசுல சின்னப் பங்கை பத்து வருஷப் பராமரிப்புக்குன்னு முதல்லயே தனியா எடுத்து வெச்சுடணும், இல்லைன்னா கட்டினது கட்டினதோட சரி.

செலவே இல்லாத வழியையும் மறந்துடக் கூடாது. முதுமலை, பந்திப்பூர் ரோடுங்க 2009லேர்ந்து ராத்திரி 9 மணிலேர்ந்து காலைல 6 வரைக்கும் மூடல். வயநாட்டுக்காரங்களுக்குக் கஷ்டம்தான், அதை நான் சின்னதா சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரி, காய்கறி லாரி எல்லாம் மைசூரை நம்பித்தான் இருக்கு. அதுக்குப் பதிலா அந்தக் காட்டு ரோட்டுல ஆங்காங்கே ஒவ்வொரு கிலோமீட்டரா அஞ்சு தூண் பாலம், சுமார் 450 கோடி, கேரளா பாதி போடும்னு 2018ல பேச்சு வந்துச்சு, கர்நாடகா ஒத்துக்கலை. எனக்கும் அது சரியாப் படலை. அவ்ளோ நீளம் காட்டுக்குள்ள போற ரோட்டுல அஞ்சு கிலோமீட்டரை மட்டும் தூக்கிட்டு ராத்திரி முழுக்க லாரியைத் திறந்துவிட்டா மிச்ச இடத்துல என்ன ஆகும்? வால்பாறைல இன்னும் எளிமை, புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குங்க ரோட்டைத் தாண்டறப்ப அடிபட்டுதுன்னு தீயணைப்புக்காரங்க யூஸ் பண்ற கேன்வாஸ் ஹோஸை மரத்துக்கு மரம் கட்டிவிட்டாங்க, குரங்கு அது மேலயே போகுது. கோடி இல்ல, டெண்டர் இல்ல.

எதிர்பக்கம் பாத்தா அசாம்ல காசிரங்கா. பிரம்மபுத்திரா வெள்ளம் வந்தா மிருகமெல்லாம் மேட்டுக்கு, கார்பி ஆங்லாங் மலைக்குப் போயாகணும், நடுவுல ஹைவே. வெள்ள நேரத்துல வண்டிக்கு டைம் கார்டு குடுத்து, சீக்கிரமா வந்து சேந்தா ஸ்பீடா ஓட்டினேன்னு ஃபைன் போட்டுப் பாத்தாங்க. இப்போ 2025 அக்டோபர்ல கேபினட் ஒத்துக்கிட்ட திட்டத்துல 34 கிலோமீட்டருக்கு மேல ரோடையே தூண் மேல தூக்கறாங்க, கலியாபோர்லேர்ந்து நுமாலிகர் வரைக்கும் மொத்த ப்ராஜெக்ட் 6,957 கோடி. அங்க இது தேவைதான்னு நினைக்கறேன், வெள்ளத்துல தப்பிக்க வேற வழி அந்த மிருகங்களுக்கு இல்ல. ஆனா இந்த மாதிரி பெரிய தொகை வர்ற இடத்துல எல்லாம் ஒரு கண்ணு வெச்சுக்கணும். டெல்லி டேராடூன் எக்ஸ்பிரஸ்வேல 12 கிலோமீட்டர் வனவிலங்குப் பாலம்னு பெருமையா சொல்றாங்க, அதே ரோடுக்காக வெட்டின ஆயிரக்கணக்கான மரத்தைச் சொல்றதில்ல. பாலம் கட்டறோமேங்கறது காட்டுக்குள்ள ரோடு போடறதுக்கு லைசன்ஸ் ஆகிடக் கூடாது. சுத்திப் போக வழி இருந்தா சுத்திப் போறதுதான் மலிவு.

மனுஷனுக்கே வழி இல்லையேங்கற கோபம் நியாயமானது. 2022ல மட்டும் இந்தியால ரோடு விபத்துல 1,68,491 பேர் செத்தாங்க, அதுல நடந்து போனவங்க கணிசம். ஆனா மிருகப் பாலத்தை நிறுத்தினா அந்தக் காசு உங்க ஊர் ஸ்கூல் வாசல்ல ஃபுட் பிரிட்ஜா வராது, ரெண்டுக்கும் ஒரே இடத்துலதான் கத்தி விழுது, அதான் எஸ்டிமேட்ல பாலம் மாதிரி கட்டுமானத்தைக் குறைக்கற மேஜை. பேரண்டப்பள்ளில யானைக்குப் போராடறவரும் சர்வீஸ் ரோடு கேக்கற ஊர்க்காரரும் ஒரே ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும்.

கடைசிக் கேள்வி, யாரைக் கேக்கறது. பழைய ரோடுன்னா நேர்மையா சொல்றேன், இன்னிக்கு நிலைமைல ஸ்பீடு பிரேக்கர், ராத்திரி கட்டுப்பாடு, ஃபாரஸ்ட் ரோந்து இதுக்கு கலெக்டரையும் டி.எஃப்.ஓ.வையும் (மாவட்ட வன அலுவலர்)தான் பிடிக்க முடியும், பாலத்துக்கு வழி குறைவு. விரிவாக்கம் வருதுன்னு காதுல விழுந்தா அப்போதான் நேரம். சர்வே கல் நடறதுக்கு முன்னாடி, டிபிஆர் கன்சல்டன்ட் யாருன்னு ஆர்.டி.ஐ. போட்டுக் கேளுங்க, மிருகம் தாண்டற இடம் எந்தெந்தக் கிலோமீட்டர் கல்லுன்னு ஊர்க்காரங்க கிட்ட கேட்டு, தேதியும் போட்டோவும் சேர்த்து எழுத்துல குடுங்க, ஒரு காப்பி டி.எஃப்.ஓ.வுக்கும். பப்ளிக் ஹியரிங் இருந்தா அதையே அங்க பதிவு பண்ண வைங்க. வனவிலங்கு அனுமதிக்குப் போனதா, என்ன நிபந்தனை போட்டாங்கன்னு பரிவேஷ்ங்கற மத்திய அரசோட சுற்றுச்சூழல் அனுமதி போர்ட்டல்ல ப்ராஜெக்ட் பேர் போட்டுத் தேடினா நிலைக்குழு மினிட்ஸோட கிடைக்கும். அதுல ஸ்பான் எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கு, கட்டறப்ப எத்தனை மீட்டர் கட்டறாங்கன்னு டேப் பிடிச்சுப் பாக்கற வேலையை மட்டும் நீங்க எடுத்துக்கங்க, அதை வேற யாரும் பண்றதில்ல.